கிணற்றுக்கு நான்கு கட்டம் முன்னால்: சிமுலேஷன் விளையாட்டில் பாத்திரங்களை முடிவெடுக்க வைத்த அனுபவம்

மாறன் விழுந்துகிடந்த இடத்திலிருந்து கிணறு நான்கே கட்டம்தான். தாகத்தால் இறந்திருந்தான். இறப்பதற்கு முந்தைய 88 விளையாட்டு நிமிடங்களில் மூன்று முறை அதே கிணற்றடியில் நின்றிருக்கிறான். மூன்று முறையும் ஒரே ஒரு மிடறு குடித்துவிட்டு அடுப்பை நோக்கிக் கிளம்பியிருக்கிறான். அடுப்பையும் அவன் எட்டவில்லை. முதல் நடையில் அடுப்புக்கு இன்னும் மூன்று கட்டம் இருக்கும்போது சட்டென்று திரும்பிக் கிணற்றை நோக்கி நடந்துவிட்டான்.

திரையில் அவன் ஒரு சின்ன உருவம். இருந்தாலும் அந்தக் காட்சி என்னை உலுக்கிவிட்டது. அவனுக்குப் பசியையும் தாகத்தையும் கொடுத்தது நான். கிணற்றையும் அடுப்பையும் வைத்தது நான். இருதலைக் கொள்ளி எறும்பு என்கிறோமே, அந்த எறும்பை உள்ளே விட்டு இரண்டு முனையிலும் நானே தீ வைத்ததுபோல் இருந்தது. அன்று இரவு வேறு எந்த வேலையும் ஓடவில்லை.

இந்த விளையாட்டில் காட்டை ஒட்டிய ஒரு வெளியில் 24 பேர் குடியிருக்கிறார்கள். விளையாடுபவர் அவர்களுக்கு நேரடியாகக் கட்டளை இட முடியாது. கிணறு வெட்டலாம், படுக்கை போடலாம், வயலுக்கு இடம் ஒதுக்கலாம். பிறகு பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அப்படியென்றால் அந்த 24 பேரும் தாமாக எடுக்கும் முடிவுகள்தான் முழு விளையாட்டும். படம் எவ்வளவு அழகாக இருந்தாலும், தாகத்தோடு இருப்பவன் கிணற்றைத் தாண்டி நடந்து போனால் அந்த உலகத்தை யாரும் நம்பமாட்டார்கள்.

விளையாட்டுகளை உருவாக்க உதவும் மென்பொருளான கோடோ எஞ்சினில் செய்கிறேன். நிலம் 64-க்கு 64 கட்டங்கள். உலகம் துடிப்பு துடிப்பாக நகர்கிறது. ஒரு துடிப்பு ஒரு விளையாட்டு நிமிடம், அதற்குள் ஒருவர் ஒரு கட்டம் நடக்கலாம். வழி கண்டுபிடிக்க ஏ ஸ்டார் முறை. 1968-இல் வெளியான அந்த முறை இன்றும் அசராமல் உழைக்கிறது. எங்கே போக வேண்டும் என்று சொல்லிவிட்டால் போதும், எப்படிப் போவது என்பதை அது பார்த்துக்கொள்ளும். எங்கே போவது, ஏன் போவது, போகிற வழியில் மனம் மாறலாமா என்பதெல்லாம் நான் எழுத வேண்டியவை.

முதலில் நிலை இயந்திரமாகத்தான் எழுதினேன். ஒரு பாத்திரம் எந்த நேரத்திலும் ஏதாவது ஒரு நிலையில் இருக்கும்: சும்மா இருத்தல், நடத்தல், உண்ணுதல், குடித்தல், உறங்குதல், வேலை செய்தல். தேவைகளை 0 முதல் 1 வரை அளக்கிறேன். பசி 0.6-ஐத் தாண்டினால் உண்ணும் நிலைக்குப் போ, களைப்பு 0.7-ஐத் தாண்டினால் உறங்கப் போ என்று நிபந்தனைகள். இது பழைய, நம்பகமான முறை. 1980-இல் வந்த பேக்மேன் விளையாட்டின் பேய்கள் துரத்துவது, விலகிப் போவது, அஞ்சித் திரிவது என்று சில நிலைகளுக்குள்ளேயே இயங்கின. அந்தச் சில நிலைகளிலேயே அவற்றுக்கு ஒரு குணம் வந்துவிட்டது. என் சிக்கல் நிலைகளின் எண்ணிக்கையில் வந்தது. ஆறு நிலைகள் என்றால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு 30 தாவல்கள் இருக்கலாம். பேச்சு, விறகு, தீயணைப்பு மூன்றையும் சேர்த்து ஒன்பது ஆக்கியதும் அது 72 ஆகிவிட்டது. ஒவ்வொரு தாவலுக்கும் ஒரு நிபந்தனை, அந்த நிபந்தனைகளுக்குள் ஒரு முன்னுரிமை. விறகு வெட்டுபவன் பசித்தால் என்ன செய்வான் என்பதை ஓரிடத்தில் மாற்றினால், தீயணைக்கப் போனவன் பாதி வழியில் படுத்து உறங்கினான். மூன்று நாட்கள் அதோடு மல்லுக்கட்டிய பிறகு முழுவதையும் எடுத்துவிட்டேன்.

அடுத்து எடுத்தது பயன்மதிப்பு முறை. செய்யக்கூடிய ஒவ்வொரு செயலுக்கும் ஒரு மதிப்பெண் போடு. அதிக மதிப்பெண் பெற்றதைச் செய். இதோடு சேர்த்து 2000-இல் வெளிவந்த தி சிம்ஸ் விளையாட்டில் கையாண்ட ஒரு வழியையும் எடுத்துக்கொண்டேன். அதில் அறிவு பாத்திரத்தின் தலைக்குள் இருப்பதைவிடப் பொருளுக்குள்தான் அதிகம். தன்னால் எந்தத் தேவை எவ்வளவு தீரும் என்று பொருளே சுற்றியிருப்பவர்களுக்கு விளம்பரம் செய்யும். படுக்கை ‘என்னிடம் வந்தால் களைப்பு தீரும்’ என்கிறது. கிணறு ‘தாகம் தீரும்’ என்கிறது. பாத்திரம் தன் தேவைகளை வைத்து அந்த விளம்பரங்களை எடைபோட்டுப் பார்க்கிறது. எப்படிப் பயன்படுத்துவது என்ற அசைவும் நேரமும்கூடப் பொருளிடமே இருக்கும்.

இதன் அருமை புதிய பொருளைச் சேர்க்கும்போதுதான் தெரிகிறது. ஊஞ்சல் ஒன்றை வைக்க நினைத்தேன். பாத்திரங்களின் நிரலில் ஒரு வரியைக்கூடத் தொடவில்லை. ஊஞ்சலின் நிரலில் ‘சலிப்பு குறையும், தனிமை சற்றுக் குறையும்’ என்று எழுதி நிலத்தில் வைத்ததும், இரண்டு பேர் வேலையை முடித்துவிட்டு அதை நோக்கி நடந்தார்கள். அந்த நிமிடம் எனக்குக் கிடைத்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

அதே வாரத்தில்தான் மாறன் இறந்தான்.

அவன் ஏன் அப்படி நடந்தான் என்பதை வெறும் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. எனவே ஒரு முடிவுப் பதிவேடு எழுதினேன். ஒவ்வொருவரும் ஒவ்வொரு முறை முடிவெடுக்கும்போதும், கண் முன் இருந்த எல்லாச் செயல்களும், அவற்றின் மதிப்பெண்களும், எது எதை எவ்வளவில் வென்றது என்பதும் ஒரு வரியாகப் பதிவாகும். இந்தத் திட்டத்தில் நான் எழுதியவற்றில் மிகப் பயனுள்ளது இதுதான். முதல் நாளே எழுதியிருந்தால் எத்தனையோ இரவுகள் மிஞ்சியிருக்கும்.

அதே விதை எண்ணைக் கொடுத்து உலகத்தை மறுபடி ஓடவிட்டேன். விதை எண் ஒன்றாக இருந்தால் தற்செயல்கள் எல்லாம் அதே வரிசையில் நடக்கும். மாறன் மறுபடியும் அதே இடத்தில் இறப்பான். முதல் மிடறைக் குடித்த கணத்தைப் பூச்சியமாக வைத்துப் பதிவேட்டைப் படித்தேன்:

துடிப்பு 0: தாகம் 0.750, பசி 0.790. தேர்வு: அடுப்புக்கு நடை
துடிப்பு 20: தாகம் 0.830, பசி 0.830. தேர்வு: அடுப்புக்கு நடை
துடிப்பு 21: தாகம் 0.834, பசி 0.832. தேர்வு: கிணற்றுக்கு நடை

எல்லாம் இந்த மூன்று வரிகளில் இருக்கிறது. தாகம் துடிப்புக்கு 0.004 ஏறும், பசி 0.002 ஏறும். ஒரு மிடறு தண்ணீர் தாகத்தை 0.05 குறைக்கும். குடிக்க வந்தபோது தாகம் 0.80, பசி 0.79. ஒரு மிடறு குடித்ததும் தாகம் 0.75 ஆனது, உடனே பசி முந்திக்கொண்டது. கிளம்பினான். நடக்க நடக்கத் தாகம் வேகமாக ஏறி 20-ஆவது துடிப்பில் பசியைத் தொட்டது. 21-ஆவது துடிப்பில் முந்தியது. அடுப்போ 24 கட்டம் தொலைவில் இருந்தது. திரும்பினான். கிணற்றடிக்கு வந்து மறுபடி ஒரு மிடறு. இப்போது இரண்டுக்கும் இடைவெளி மிகக் குறைவு என்பதால் நான்கு அடி நடந்ததுமே திரும்பிவிட்டான். மூன்றாவது மிடறுக்குப் பிறகு மீண்டும் 21 அடி போனான், திரும்பினான், வருகிற வழியில் தாகம் 1-ஐத் தொட்டது.

ஒவ்வொரு துடிப்பிலும் அவன் எடுத்த முடிவு சரியானது. அந்தக் கணத்தில் எது பெரிய தேவையோ அதையே அவன் நாடினான். பதிவேட்டில் ஒரு வரிகூடத் தவறில்லை. சரியான முடிவுகளை வரிசையாக எடுத்து ஒருவன் செத்துப்போகிறான் என்பதை அந்த எண்களில் பார்த்தபோதுதான், இத்தனை நாளும் எதைத் தேர்வது என்பதைப் பற்றியே யோசித்திருக்கிறேன், தேர்ந்ததை எதுவரை பிடித்துக்கொண்டிருப்பது என்பதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை என்று புரிந்தது.

முதலில் மதிப்பெண் போடும் விதத்தைத் திருத்தினேன். தேவையை அப்படியே எடுக்காமல் மும்மடியாக்கினேன். பசி 0.5 என்றால் மதிப்பு 0.125-தான், 0.9 என்றால் 0.729. அரைப் பசியில் யாரும் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஓடுவதில்லை, கடும்பசியில் வேறெதுவும் கண்ணில் படுவதில்லை. நேர்கோட்டைவிட வளைகோடு இதற்குப் பொருந்துகிறது. அடுத்துத் தொலைவையும் கணக்கில் கொண்டுவந்தேன். கடைசியாக, இப்போது செய்துகொண்டிருக்கும் செயலுக்கு ஒரு சலுகை:

மதிப்பு = தேவை × தேவை × தேவை
மதிப்பு = மதிப்பு ÷ (1 + தொலைவு ÷ 20)
நடப்புச் செயல் என்றால்: மதிப்பு = மதிப்பு × 1.25

தொலைவைச் சேர்த்ததில் எதிர்பாராத ஒரு நன்மை இருந்தது. நெருங்க நெருங்க அந்தப் பொருளின் மதிப்பு தானாகவே ஏறுவதால், பாதி வழியில் மனம் மாறுவது குறைந்துவிட்டது. 1.25 என்ற சலுகைக்கு வந்து சேரப் பல முறை ஓட்டிப் பார்த்தேன். 1.05 வைத்தபோது பழைய தடுமாற்றம் அப்படியே இருந்தது. 2 வைத்தபோது எல்லோரும் பிடிவாதக்காரர்களாகிவிட்டார்கள். தொண்டை வறண்ட நிலையிலும் கிணற்றின் ஓரமாகவே விறகைச் சுமந்துகொண்டு போனார்கள். மும்மடிக் கணக்கில் 1.25 மடங்கு என்பது மூலத் தேவையில் ஏறத்தாழ 8 விழுக்காடு வேறுபாடு. அந்த அளவு வேறுபாடு இருந்தால்தான் மனம் மாறும் என்பது பார்ப்பதற்கும் இயல்பாக இருக்கிறது.

மூன்றையும் சேர்த்து மாறனை ஓடவிட்டேன். நடக்கும்போது தடுமாறுவது நின்றுவிட்டது. ஆனால் கிணற்றடியில் ஒரு மிடறுக்குப் பதிலாக இரண்டு மிடறு குடித்துவிட்டுக் கிளம்பினான்! கணக்குப் போட்டால் காரணம் தெரிகிறது. முதல் மிடறுக்குப் பின் தாகம் 0.75, மும்மடியாக்கி 1.25-ஆல் பெருக்கினால் 0.527. பசியின் மதிப்பு 0.493. தொடர்ந்து குடிக்கிறான். இரண்டாவது மிடறுக்குப் பின் தாகம் 0.70, மதிப்பு 0.429. அடுப்பு தூரத்தில் இருந்தால் தொலைவுக் கணக்கு அவனைச் சற்று நேரம் பிடித்து வைக்கும். அன்று அடுப்பைக் கிணற்றின் அருகிலேயே வைத்திருந்தேன். பசி வென்றுவிட்டது.

நடையில் வரும் தடுமாற்றமும் பயன்பாட்டில் வரும் தடுமாற்றமும் வேறு வேறு நோய்கள் என்பது அப்போதுதான் பிடிபட்டது. நடக்கும்போது தேவை குறைவதில்லை. அங்கே ஒரு சிறு சலுகை போதும். குடிக்கும்போதோ குடிப்பதாலேயே தாகம் குறைகிறது. குறையக் குறையக் குடிப்பதற்கான காரணமும் குறைகிறது. செயல் தன் வெற்றியாலேயே தன்னைத் தோற்கடித்துக்கொள்கிறது.

இதற்கான விடை குளிர்பதனப் பெட்டியில் இருக்கிறது. உள்ளே வெப்பம் ஓர் அளவைத் தாண்டியதும் அதன் அமுக்கி ஓடத் தொடங்கும். அதே அளவுக்கு இறங்கியவுடன் நிற்காது, இன்னும் கீழே வேறோர் அளவு வரை ஓடிவிட்டுத்தான் நிற்கும். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் அது நொடிக்கொரு முறை ஓடியும் நின்றும் சீக்கிரமே பழுதாகிவிடும். அதையே இங்கே செய்தேன். ஒவ்வொரு செயலுக்கும் முடியும் அளவு என்று ஒன்று. குடிக்கத் தொடங்கியவன் தாகம் 0.10-க்கு இறங்கும்வரை குடிப்பான். 0.80-இலிருந்து 0.10-க்கு, 14 மிடறு. அதுவரை மற்ற தேவைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கவே வேண்டாம்.

இந்த முறை மாறன் நின்று நிதானமாகக் குடித்துவிட்டு, அடுப்பிடம் போய் உண்டுவிட்டு, வயலுக்குப் போனான்.

மறுநாள் சோதனைக்காக ஒரு வீட்டில் தீ வைத்தேன். உள்ளே உறங்கிக்கொண்டிருந்த பெண் அசையவில்லை. களைப்பு 0.05-க்கு இறங்கும்வரை உறங்கு என்று நான்தான் எழுதியிருந்தேன், அவள் கீழ்ப்படிந்தாள். எனவே செயல்களை மூன்று படிகளாகப் பிரித்தேன்: உயிர், உடல், விருப்பம். தீ, வெள்ளம் போன்றவை முதல் படி. உணவு, நீர், உறக்கம் இரண்டாவது. பேச்சு, ஊஞ்சல், அலங்காரம் மூன்றாவது. மேற்படியில் இருப்பது கீழ்ப்படியில் இருப்பதை எப்போது வேண்டுமானாலும் கலைக்கலாம். ஒரே படியில் இருப்பவை ஒன்றையொன்று கலைக்க முடியாது, முடியும் அளவு வரும்வரை காத்திருக்க வேண்டும். உயிர்ப் படியை மட்டும் ஒவ்வொரு துடிப்பிலும் பார்க்கிறேன்.

இதன் பிறகு வந்த பிழைகளில் பெரும்பாலானவை ஒருவன் தனக்குள் எடுக்கும் முடிவால் வந்தவை அல்ல. 24 பேர் ஒரே உலகத்தைப் பகிர்வதால் வந்தவை. மாலையில் ஒரு படுக்கை காலியானால் ஆறு பேர் அதை நோக்கி ஓடினார்கள். முதலில் போனவர் படுத்துக்கொள்ள, மற்ற ஐவரும் வந்து நின்று, திரும்பி, அடுத்த படுக்கைக்கு மறுபடி ஐவருமாக ஓடினார்கள். இதற்கு முன்பதிவு முறை வைத்தேன்: போவதற்கு முடிவெடுத்த கணமே அந்தப் பொருளில் தன் பெயரை எழுதிவிட வேண்டும், மற்றவர்களுக்கு அதன் விளம்பரம் கேட்காது.

ஓட்டம் நின்றது. ஆனால் பத்து விளையாட்டு நாட்கள் ஓடவிட்டபோது ஒரு படுக்கை ஆறு நாட்களாகக் காலியாகவே கிடந்தது. பலர் தரையில் படுத்திருந்தார்கள். அந்தப் படுக்கையில் எழுதியிருந்த பெயருக்குரியவர், போகிற வழியில் தீயைப் பார்த்து ஓடிவிட்டார். ஒழுங்காக உறங்கி எழுந்தால் பெயரை அழிக்கும்படி எழுதியிருந்தேன். பாதியில் கலைந்தால் அழிக்க எழுதவில்லை. இந்தப் பிழை எந்த நிரலிலும் வரும், எடுத்ததைத் திருப்பி வைக்க மறப்பது.

அதைச் சரிசெய்ய, ஒவ்வொரு செயலையும் சிறு படிகளின் வரிசையாக மாற்றினேன்: பதிவு செய், நட, பயன்படுத்து, விடுவி. 2004-இல் வந்த ஹேலோ 2 விளையாட்டுக்குப் பிறகு பரவலான நடத்தை மரத்தின் (பாத்திரத்தின் செயல்களைக் கிளை கிளையாக அடுக்கி வைக்கும் முறை) ஒரு சிறு கிளைதான் இது. முழு மரம் எனக்குத் தேவைப்படவில்லை. எதைச் செய்வது என்பதைப் பயன்மதிப்பு சொல்கிறது, எப்படிச் செய்வது என்பதை இந்தப் படிவரிசை பார்த்துக்கொள்கிறது. இரண்டும் நன்றாகவே ஒத்துப்போகின்றன. முக்கியமான விதி ஒன்றுதான்: வெற்றி, தோல்வி, இடையூறு, சாவு, எதுவானாலும் செயல் ஒரே வாசல் வழியாகத்தான் வெளியேற வேண்டும், அந்த வாசலில் பெயர் அழிக்கப்படும். அதோடு, 120 துடிப்புக்குள் பயன்படுத்தத் தொடங்காத முன்பதிவு தானே காலாவதியாகிவிடும்.

பிறகு அடுப்பு அணைந்தது. விறகு தீர்ந்துவிட்டது. பக்கத்திலேயே கோடரி இருந்தது, காட்டில் மரமும் இருந்தது. ஒருவரும் போகவில்லை. எல்லோரும் அணைந்த அடுப்பைச் சுற்றிப் பசியோடு திரிந்தார்கள். விறகு வெட்டினால் பசி குறையாது, தாகம் குறையாது, எந்தத் தேவையும் தீராது. எனவே அதன் மதிப்பெண் பூச்சியம். கண்ணெதிரே உள்ள பலனை மட்டும் எடைபோடுபவனுக்கு இரண்டு படி தள்ளி இருக்கும் பலன் தெரியாது.

இதற்குத் திட்டமிடும் முறைகள் இருக்கின்றன. அடைய வேண்டிய நிலையிலிருந்து தொடங்கி, அதற்கு என்ன வேண்டும், அதற்கு முன்பு என்ன வேண்டும் என்று செயல்களைக் கோத்துத் தேடுவது. 1971-இல் ரோபோக்களுக்காக எழுதப்பட்ட ஸ்ட்ரிப்ஸ் என்ற திட்டமிடல் முறையின் வழியில், 2005-இல் எஃப்.இ.ஏ.ஆர். என்ற விளையாட்டின் எதிரிகள் இப்படித்தான் தங்கள் செயல்களைக் கோத்துக்கொண்டார்கள். என் உலகத்தில் மிக நீளமான சங்கிலிக்கே மூன்று கண்ணிகள்தான்: விறகு, தீ, ரொட்டி. இதற்கு முழுத் திட்டமிடல் அதிகம் என்று தோன்றியது. ஒரு செயலைச் செய்ய ஏதாவது குறைந்தால், அந்தச் செயல் தன் மதிப்பில் பத்தில் ஒன்பது பங்கைக் குறையை நீக்கும் செயலுக்குக் கடனாகக் கொடுக்கும். பசி 0.8 என்றால் ரொட்டியின் மதிப்பு 0.512, தீ மூட்டுவதற்கு 0.461, விறகுக்கு 0.415. பசித்தவன் இப்போது கோடரியை எடுத்தான்.

ஒன்பது பேர் எடுக்கப் போனார்கள் என்பதுதான் உண்மை. பொருளுக்கு மட்டுமல்லாமல் வேலைக்கும் முன்பதிவு வேண்டும் என்பதை அப்படித்தான் தெரிந்துகொண்டேன். ‘இந்த அடுப்புக்கு விறகு’ என்பது இப்போது ஒரு வேலைச் சீட்டு. ஒருவர் எடுத்துவிட்டால் மற்றவர்களுக்கு அது இல்லை.

சில செயல்களுக்குப் பல காரணிகள் வேண்டியிருந்தன. வயல் வேலைக்குப் பருவம், ஈரம், வெளிச்சம், உடல்நிலை, கருவி என்று ஐந்து. ஊஞ்சலுக்குச் சலிப்பு, நேரம் என்று இரண்டு. எல்லாவற்றையும் பெருக்கினேன். வயலின் ஐந்து காரணிகளும் 0.9, பெருக்கினால் 0.59. ஊஞ்சலின் இரண்டும் 0.8; பெருக்கினால் 0.64. எல்லா வகையிலும் மேலான வயல் தோற்றது, எல்லோரும் ஊஞ்சலுக்கு வரிசையில் நின்றார்கள். ஒன்றுக்கும் குறைந்த எண்களைப் பெருக்கப் பெருக்கச் சிறிதாகும் என்பது பள்ளிக் கணக்கு, ஆனாலும் இதைப் பதிவேட்டில் பார்க்கும்வரை எனக்கு உறைக்கவில்லை. ஐந்து காரணிகள் இருந்தால் பெருக்கலின் ஐந்தாம் மூலத்தையும், இரண்டு இருந்தால் இரண்டாம் மூலத்தையும் எடுத்தேன். வயல் 0.9, ஊஞ்சல் 0.8. காரணிகளில் ஏதாவது ஒன்று பூச்சியமானால் விடையும் பூச்சியம்தான் என்பது மாறவில்லை. கருவி இல்லாதவன் வயலுக்குப் போகமாட்டான். கூட்டிச் சராசரி எடுத்திருந்தால் இந்தத் தடை உடைந்திருக்கும்.

24 பேரும் ஒரே நேரத்தில் பசித்து ஒரே நேரத்தில் உறங்கியது சிறிய பிழை, சீக்கிரம் தீர்ந்தது. எல்லோருக்கும் ஒரே தொடக்க அளவுகளைக் கொடுத்திருந்தேன். தொடக்கத்தைக் கலைத்தும், ஏறும் வேகத்தை ஆளுக்கு ஆள் 15 விழுக்காடு வரை கூட்டியும் குறைத்தும் விட்டேன். முடிவெடுக்கும் நேரத்தையும் பரப்பினேன். ஒருவர் அரை நொடிக்கு ஒரு முறை யோசித்தால் போதும். திரையில் நொடிக்கு 60 சட்டகங்கள், அதாவது 60 படங்கள், வரையப்படுகின்றன என்றால் அரை நொடிக்கு 30. 24 பேரை அவற்றில் பிரித்துப் போட்டால் ஒரு சட்டகத்தில் ஒருவருக்கு மேல் யோசிப்பதில்லை.

நான் மிகவும் நேசித்துச் செய்த பகுதி இனிமேல்தான். இதுவரை என் பாத்திரங்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நிலத்தின் ஒரு கோடியில் யாராவது அலமாரியில் ரொட்டி வைத்தால், மறு கோடியில் இருப்பவர் அதே துடிப்பில் திரும்பி நடந்தார். திறமையாக இருந்தது, ஆனால் மனிதர்களைப் பார்ப்பதுபோல் இல்லை. எனவே உலகத்தைப் பார்த்து முடிவெடுப்பதை நிறுத்தி, ஆளுக்கொரு நினைவுப் பட்டியலைக் கொடுத்தேன்: என்ன பொருள், எங்கே, என்ன நிலையில் இருந்தது, கடைசியாக எப்போது பார்த்தேன். ஒன்பது கட்டத்துக்குள் இருப்பது மட்டும் கண்ணில் படும். பார்த்த செய்தியின் மேல் உள்ள நம்பிக்கை ஆறு விளையாட்டு மணிக்கு ஒரு முறை பாதியாகும்; அந்த நம்பிக்கையையும் மதிப்பெண்ணில் பெருக்கினேன்.

ஒரு பிற்பகல் நங்கை என்ற பாத்திரத்தைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் கிழக்கு அலமாரியில் நான்கு ரொட்டிகளைப் பார்த்துவிட்டு வயலுக்குப் போயிருந்தாள். அவள் இல்லாத நேரத்தில் மற்றவர்கள் எடுத்துவிட்டார்கள். பசித்ததும் நேராகக் கிழக்கு அலமாரிக்கு நடந்தாள். வழியில் புதிதாக வைத்த மேற்கு அலமாரி நிறைய ரொட்டியோடு இருந்தது. அது அவள் கண்ணெல்லைக்கு ஒரு கட்டம் வெளியே இருந்ததால் அவளுக்குத் தெரியவில்லை. போய்ச் சேர்ந்தாள். காலி. நினைத்ததும் கண்டதும் முரண்பட்டால் மூன்று துடிப்பு நின்று இரு பக்கமும் பார்க்கும்படி ஓர் அசைவு சேர்த்திருந்தேன். நின்றாள், இடப்பக்கம் பார்த்தாள், வலப்பக்கம் பார்த்தாள், பிறகு மெதுவாக அடுப்பை நோக்கி நடந்தாள். அருகிலிருந்து பார்த்த நண்பர் ‘பாவம், ஏமாந்துவிட்டாள்’ என்றார். அவருக்கு நிரல் எழுதத் தெரியாது. மூன்று துடிப்பு என்று எதுவும் தெரியாது. மதிப்பெண் கணக்குகளை எவ்வளவு கூர்மையாக்கினாலும் கிடைக்காத ஒன்று, அவளுக்குத் தெரியாமல் ஒரு செய்தியை மறைத்ததில் கிடைத்தது.

நினைவு வந்த பிறகு பேச்சுக்கும் ஒரு பயன் வந்தது. இருவர் பேசினால், ஒருவரிடம் உள்ள புதிய செய்தி ஒன்று மற்றவரின் பட்டியலுக்குப் போகும். மேற்கு அலமாரியைப் பார்த்தவரிடம் பேசினால் நங்கைக்கும் அது தெரிந்துவிடும். ஆனால் பேச்சில் ஒரு சிக்கல் இருக்கிறது: கிணறு ஓடாது, மனிதர்கள் நகர்வார்கள். ஒருத்தி மாறனோடு பேசப் போனாள். மாறன் வேறொருவரைத் தேடிப் போனான். அந்த மூன்றாமவர் முதல் பெண்ணைத் தேடிப் போனார். மூவரும் வட்டமாகச் சுற்றி வந்தார்கள், யாரும் யாரையும் பிடிக்கவில்லை. பேச்சைக் கேள்வியும் பதிலுமாக மாற்றி இதைத் தீர்த்தேன். நெருங்கியதும் ‘பேசலாமா’ என்று ஒரு வேண்டுகோள் போகும். எதிரில் இருப்பவர் தன் நடப்புச் செயலோடு அதை ஒப்பிட்டு ஒப்புக்கொள்வார் அல்லது மறுப்பார். ஒப்புக்கொண்டால் இருவரும் நின்றுவிடுவார்கள். மறுத்தால் கேட்டவர் அடுத்த 60 துடிப்புக்கு அவரிடம் கேட்கமாட்டார்.

நேற்று இரவு அந்தப் பழைய விதை எண்ணையே கொடுத்து மறுபடி ஓடவிட்டேன். பசி 0.79, தாகம் 0.80, மாறன் கிணற்றடிக்கு வந்து குடிக்கத் தொடங்கினான். மூன்றாவது மிடறில் நங்கை அருகில் வந்து நின்று பேசலாமா என்று கேட்டாள். பதிவேட்டில் ‘மறுப்பு, காரணம்: குடித்தல் முடியவில்லை’ என்று ஒரு வரி விழுந்தது. அவள் கிணற்றின் மறுபக்கம் போய்த் தன் தாகத்துக்குக் குடிக்கத் தொடங்கினாள். மாறன் 14 மிடறும் குடித்து முடித்தான். அடுத்த துடிப்பில் அடுப்பை நோக்கித் திரும்பினான். 24 கட்டம். நடுவில் எங்கும் நிற்கவில்லை.